ஆட்டமும் ஊதியமும்

பண்டைத் தமிழகத்தில் பாணரும் கூத்தரும் பொருநரும் தம் கலையைக் கொண்டே வாழ்ந்தனர். யாழும் பறையும் ஏந்திச் சென்றவர்க்கு மன்னர் பொன்னும் யானையும் வழங்கினர். வழங்கியதனாலேயே வள்ளல்கள் எனப் பெயர் பெற்றனர். பரிசில் வாங்குபவன் என்பதற்காகப் பாணனைப் பின்வாயில் வழியே வரச் சொன்னதாக நாம் கற்ற சங்கப் பாடல்களில் காணோம். ஆனால், நுழையும் வாயில் வேறு, உடை மாற்றும் அறை வேறு, தங்கும் விடுதி வேறு என ஒரே அணியில் ஆடியவர்களையே இரு கூறாகப் பிரித்து வைத்த விளையாட்டு ஒன்று உண்டு. அது கிரிக்கெட், அதன் தாயகம் இங்கிலாந்து.

அங்குச் சம்பளம் வாங்கி ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டார். சொந்தச் செல்வத்தை நம்பி, ஊதியம் பெறாமல் ஆடியவர் 'அமெச்சூர்' எனப்பட்டார். 1806-ஆம் ஆண்டு தொடங்கி 1962-ஆம் ஆண்டு வரை 'கனவான்கள்' ஓர் அணியாகவும் 'ஆட்டக்காரர்கள்' மற்றோர் அணியாகவும் நின்று மோதும் போட்டி ஒன்று நடைபெற்று வந்தது. கனவான்கள் என்போர் ஊதியம் பெறாதோர்; ஆட்டக்காரர்கள் என்போர் ஊதியம் பெற்றோர். பெயர் சூட்டியதிலேயே அக்காலச் சமுதாயத்தின் உள்ளம் வெளிப்படுகின்றது அன்றோ!

இவ்வேற்றுமை பெயரெழுத்துவரை சென்றது. ஓட்டப் பட்டியலில் கனவானுக்கு முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும்; தொழில்முறை ஆட்டக்காரனுக்குப் பெயருக்குப் பின்னால் வரும். 1950-ஆம் ஆண்டு இலண்டன் லார்ட்ஸ் திடலில் இளைஞர் டிட்மஸ் மட்டையேந்தி வந்தபோது, அட்டையில் 'எஃப். ஜே. டிட்மஸ்' என அச்சாகியிருப்பது பிழை, 'டிட்மஸ், எஃப். ஜே.' எனத் திருத்திக்கொள்க என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்தே எழுதிப் பழகிய தமிழர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அந்த முறைப்படி பார்த்தால் நாம் அனைவரும் பிறப்பிலேயே கனவான்கள்!

இத்தகைய அமைப்பினுள் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும், அதே காலத்தில் சென்னையில் வாழ்ந்த எம். ஜே. கோபாலன் என்னும் தமிழர் எவ்வாறு ஆடினார் என்பதையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வாறு நோக்கினாலன்றிக் கோபாலன் 1936-ஆம் ஆண்டில் மேற்கொண்ட முடிவு நமக்கு விளங்காது. இந்திய விளையாட்டு வரலாற்றில் அடிக்கடி 'தவறு' என்று சுட்டப்படும் முடிவு அது.

முதலில் ஆங்கிலேயரை நோக்குவோம். தொழில்முறை ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர் ஜாக் ஹாப்ஸ். 1882-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் பன்னிரண்டு மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் கல்லூரி ஒன்றில் ஆடுகளம் காப்பவர். அவர் 1902-ஆம் ஆண்டில் காலமானபோது குடும்பம் வறுமையில் விழுந்தது. ஹாப்ஸ் எசெக்ஸ் மாவட்ட அணிக்கு விண்ணப்பித்தார். அவ்வணி அவரைப் பொருட்படுத்தவில்லை. தம் ஊர்க்காரரான டாம் ஹேவர்ட் என்னும் முன்னணி ஆட்டக்காரரின் துணையால் சர்ரே அணியில் சேர்ந்து, 1905-ஆம் ஆண்டில் முதல் ஆட்டம் ஆடினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மட்டையே அவருடைய ஏர். 61 டெஸ்ட் ஆட்டங்களில் 5,410 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் அடித்த சதங்கள் 197 எனக் கணக்கிடுவர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி நாற்பது வயதுக்குப் பின் அடிக்கப்பட்டவை. ஓய்வு பெறும் அகவையில் உழைப்பின் உச்சத்தைக் கண்டவர் அவர்.

எனினும் புகழ் வேறு, பிழைப்பு வேறு. ஆங்கிலத் தொழில்முறை ஆட்டக்காரனின் வருவாய் கோடை மாதங்களுக்கே உரியது. குளிர்காலம் வந்தால் பலர் வேறு வேலை தேடினர். சிலர் கப்பலேறித் தொலைநாடுகளுக்குச் சென்று பயிற்சி அளித்தனர். யார்க்ஷயரின் புகழ்பெற்ற வில்ஃபிரட் ரோட்ஸ் 1920-களில் பட்டியாலா மகாராஜாவின் அழைப்பில் இந்தியா வந்தது இவ்வகையில்தான். சசெக்ஸ் அணியின் பெர்ட் வென்ஸ்லி நவநகர் சமத்தானத்திற்குப் பயிற்சியாளராக வந்து, 1936-37-இல் அவ்வணிக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பையையும் வென்று தந்தார். வினு மன்கட் அவரிடம் பயின்றவர். ஹாப்ஸோ நிலைத்த வருவாய் வேண்டி 1919-ஆம் ஆண்டில் இலண்டன் ஃபிளீட் தெருவில் விளையாட்டுப் பொருள் கடை திறந்தார். உலகின் தலைசிறந்த மட்டையாளர் கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது என்பது நினைக்கத்தக்கது.

நெடுங்காலம் ஓர் அணிக்கு உழைத்தவர்க்கு 'உதவி நிதி ஆட்டம்' என்ற ஒன்று வழங்கப்படும். அன்றைய நுழைவுக் கட்டணமும் மக்கள் தரும் நன்கொடையும் அவருக்கே சேரும். கெண்ட் அணியின் ஜேம்ஸ் சீமோர் என்பவருக்கு 1920-ஆம் ஆண்டில் இவ்வாறு ஓர் ஆட்டம் நடத்தப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அவர் ஒரு பண்ணை நிலம் வாங்கினார். அத்தொகைக்கு வரி கட்ட வேண்டும் என்றது அரசு. வழக்கு இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் சபைவரை சென்றது. 1927-ஆம் ஆண்டில் அச்சபை, இது கூலி அன்று, மக்கள் அன்பால் அளித்த கொடை, ஆகவே வரி இல்லை எனத் தீர்ப்பளித்தது. கூலியா, கொடையா என்னும் இவ்வினா பாணர் காலத்து வினாவே. அது மீண்டும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது!

தொழில்முறை ஆட்டக்காரர் பணிந்து நடக்க வேண்டியவர் என்பதற்கு ஹரால்ட் லார்வுட்டின் வாழ்வே சான்று. 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அவர். நாட்டிங்காம்ஷயர் அணியில் சேர்ந்து உலகின் விரைவு வீச்சாளராக உயர்ந்தார். 1932-33-இல் ஆஸ்திரேலியாவில், அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் வகுத்த திட்டப்படி மட்டையாளரின் உடலை நோக்கிப் பந்து வீசி, அத்தொடரில் 33 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பெரும் பூசல் எழுந்தது. பின்னர் 1934-இல், அவ்வாறு வீசியதற்காக மன்னிப்புக் கோருமாறு லார்வுட்டைக் கேட்டனர். தலைவர் சொன்னதைச் செய்ததற்கு நான் ஏன் மன்னிப்புக் கோர வேண்டும் என மறுத்தார் அவர். அதன்பின் இங்கிலாந்துக்காக அவர் ஆடவே இல்லை. திட்டம் வகுத்த ஜார்டினோ ஊதியம் பெறாக் கனவான். பூசலுக்குப் பின்னும் 1933-34-இல் இந்தியா வந்த இங்கிலாந்து அணிக்கு அவரே தலைவர். தோட்டப்புற வாழ்வை அறிந்த நமக்கு இது புதிய கதை அன்று. துரை இட்ட கட்டளையை நிறைவேற்றியவன் தொழிலாளி. பழி வந்தபோது பெயர் எழுதப்பட்டதும் தொழிலாளி பெயர்தான். லார்வுட் 1950-இல் ஆஸ்திரேலியாவிலேயே குடியேறினார். எந்த நாட்டவர் அவரைத் தூற்றினரோ அந்நாட்டவரே அவரை ஏற்றுக்கொண்டனர்.

இனிச் சென்னைக்கு வருவோம். ஐரோப்பியர் 1846-இல் நிறுவிய சென்னைக் கிரிக்கெட் மன்றம் 1865 முதல் சேப்பாக்கத்தைத் தன் திடலாகக் கொண்டது. அங்கு ஆட வந்த இந்தியர் மாளிகைக்குள் அமர இடமின்றி மரநிழலில் உணவருந்த நேர்ந்தது என்பர். அதனைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888-இல் இந்தியர்க்கென மதராஸ் ஐக்கிய மன்றத்தைத் தோற்றுவித்தார். ஐரோப்பியரும் இந்தியரும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்றினை 1908-ஆம் ஆண்டு இறுதியில் நடத்த ஏற்பாடு செய்தார். அதனைக் காணும் முன்பே மறைந்தார். அவ்வாட்டமே பின்னாளில் பொங்கல் திருநாளை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெற்ற மாநில ஆட்டமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் வேலி ஊதியத்தால் எழுந்தது. சென்னையில் அது நிறத்தால் எழுந்தது. வேலி இருந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

கோபாலன் 1909-ஆம் ஆண்டு சூன் 6-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. சேப்பாக்கம் கூப்பிடு தொலைவு. அவருடைய வீச்சுத் திறத்தைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கெண்ட் அணிக்கும் ஆடியவர். சென்னை ஐரோப்பியர் அணியின் தூண். அவர் கோபாலனைத் திருவல்லிக்கேணி மன்றத்தில் சேர்ப்பித்ததோடு நில்லாமல், தாம் பணியாற்றிய பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைக்கச் செய்தார். எதிரணித் தலைவனே வீரனை வளர்த்தான் என்பது பாராட்டத்தக்கதே.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கோபாலன் பெற்ற ஊதியம் அலுவலக ஊதியம். ஆட்ட ஊதியம் அன்று. பட்டியலில் அவர் ஊதியம் பெறா ஆட்டக்காரரே. ஆயினும் அந்த நாற்காலி பந்து வீச்சினால் கிடைத்தது. ஆங்கிலத் தொழில்முறை ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் உண்டு, மதிப்பு இல்லை. கோபாலனுக்கு மதிப்பு உண்டு, ஒப்பந்தம் இல்லை. அக்கால இந்திய ஆட்டக்காரர் பலரின் நிலையும் இதுவே. சமத்தானப் படையில் பதவி, அரண்மனையில் ஆதரவு, நிறுவனத்தில் எழுத்தர் பணி என ஏதோ ஒரு நிழலில் நின்றே அவர்கள் ஆடினர். சி. கே. நாயுடு ஹோல்கர் மன்னரின் படையில் அலுவலர். மரம் பெரிதாயினும் நிழல் நமதன்று.

"ஆட்டம் சோறு போடுமா ஐயா?" என்று பெற்றோர் என்னைக் கேட்பது உண்டு. ஓட்டப் பந்தயத்திலோ கால்பந்திலோ திறன் காட்டும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இவ்வினா தவறாமல் எழும். ஆசிரியப் பயிற்சியில் விளையாட்டு உடலை வளர்க்கும், கூட்டுணர்வை வளர்க்கும் என்றெல்லாம் கற்றோம். சோற்றைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. கோபாலன் காலத்தில் இவ்வினாவுக்கு நேரிய விடை 'போடாது. ஆனால் சோறு போடும் இடத்துக்கு வழி காட்டும்' என்பதே.

1926-27-இல் முதல்தர ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தார் கோபாலன். நெடிய உடல், ஓயாத உழைப்பு, மிதவேக வீச்சு. மட்டை பிடித்தால் அடித்து ஆடும் இயல்பு. 1934-ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஜார்டினின் அணியை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட் வீழ்த்தினார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதன்முறையாக டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. தாம் வளர்ந்த திடலில், தம் வீட்டு வாயிலில் நடந்த அவ்வாட்டத்தில் கோபாலனுக்கு இடம் இல்லை. அதன்பின் டெஸ்ட் ஆட்டத்தில் அவர் மீண்டும் ஆடவும் இல்லை. ஒரே ஒரு டெஸ்ட் ஆடி நின்றுபோன பலருள் அவரும் ஒருவர்.

எனினும் அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் வரலாறு அவரைத் தேடி வந்தது. புதிதாகத் தோன்றிய ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்றது. முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது என்றால் இன்றைய மாணவர் வியப்பர். மைசூர் 48, 59, சென்னை 130. இடக்கை வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்த ராம்சிங் டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் ஆடவில்லை. பிற்காலத்தில் சென்னையில் பயிற்சியாளராக விளங்கினார். அவர் மகன் கிருபால் சிங் 1955-இல் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார்.

கோபாலனிடம் மற்றொரு திறமும் இருந்தது. ஹாக்கி எனும் வளைகோற் பந்தாட்டத்தில் அவர் நடுத்திடலின் காவலர். 1935-ஆம் ஆண்டில் தயான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் இடம் பெற்றார். ஹாக்கியில் இந்தியா அன்று எவராலும் வெல்லப்படாத நாடு. 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்சிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்ற நாடு. மலேசியராகிய நமக்குக் கிரிக்கெட்டைவிட ஹாக்கியே நெருக்கமானது. 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையில் நம் அணி அரையிறுதிவரை முன்னேறி, இந்தியாவிடம் 2-3 என்ற கணக்கில் தோற்றதை மூத்தோர் இன்றும் பேசுவர். இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு வெற்றிக் கோலை அடித்த அசோக்குமார், அதே தயான்சந்தின் மகன்.

1936-ஆம் ஆண்டு பிறந்தது. ஆகஸ்டு மாதத்தில் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் இங்கிலாந்தில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சுற்றுப்பயணம். இரண்டிலும் ஒருவர் இருத்தல் இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி ஆகஸ்டு 15-ஆம் நாள் இறுதியாட்டத்தில் செருமனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. கோபாலனோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் ஆடும் வாய்ப்புப் பெறவில்லை. மாடிக்குச் செல்லும் படியை விட்டுக் கிணற்றுக்குச் செல்லும் படியில் கால் வைத்தார் என்று எளிதில் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கின்றனர்.

அக்கிணற்றின் ஆழத்தையும் கூற வேண்டும். அணித்தலைவர் விசயநகரத்து இளவரசர். மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்த ஓட்டங்கள் 33. எனினும் அச்சுற்றுப்பயணத்தின்போதே அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. ஹாப்ஸ் அப்பட்டத்துக்காக 1953-ஆம் ஆண்டு வரை காத்திருந்தார். தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரருள் அதனைப் பெற்ற முதல்வர் அவரே. 33 ஓட்டமும் பட்டமும் ஒருபுறம், 197 சதமும் காத்திருப்பும் மறுபுறம்! அதே பயணத்தில் லாலா அமர்நாத் முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். தொடரில் இரண்டு தோல்வி, ஒரு சமநிலை. சென்னையிலிருந்து சென்ற மற்றொருவரான கோட்டா ராமசாமி, புச்சிபாபுவின் மகன், இங்கிலாந்தில் நாற்பது வயது நிரம்பியவர். டென்னிசில் டேவிஸ் கோப்பையிலும் ஆடியவர். அவருக்கு இரண்டு டெஸ்ட் கிடைத்தன. 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41 என நான்கு முறையும் நன்கு ஆடினார். ஆகவே சென்னையார் என்பதால் ஒதுக்கினர் என்று கூறுவதற்கும் இடமில்லை.

அவ்வணியில் ஒருவர் மட்டும் உண்மையான தொழில்முறை ஆட்டக்காரர். அவர் அமர்சிங். இங்கிலாந்தின் இலங்காஷயர் லீக்கில் கோல்ன் என்னும் சிற்றூர் மன்றம் அவரை ஊதியத்துக்கு அமர்த்தியிருந்தது. அம்மன்றத்தின் இசைவு பெற்றே அவர் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட வந்தார். லார்ட்ஸில் 35 ஓட்டம் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார். தாம் யாருக்கு எந்நாள் ஆட வேண்டும், அதற்கு என்ன கிடைக்கும் என்பதனை எழுத்தில் அறிந்தவர் அவர் ஒருவரே. கோபாலனுக்கு அத்தகைய எழுத்து ஏதுமில்லை. ஒலிம்பிக்கில் ஊதியம் பெறாதோர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது அன்றைய சட்டம். கிரிக்கெட்டிலும் அவர் கூலி வாங்காதவரே. இரு தட்டிலும் காசு இல்லாத தராசு அவர் கையில் இருந்தது.

ஆகவே அவர் எதை நிறுத்துப் பார்த்திருப்பார்? என் கருத்து இது. அவரைக் கண்டெடுத்தவர் கிரிக்கெட்காரர். அவர் பெயர் பத்தாண்டுகளாகச் சேப்பாக்கத்தில் ஒலித்தது கிரிக்கெட்டால். ஒரு டெஸ்டோடு நின்றுபோன கணக்கை இங்கிலாந்து மண்ணில் தீர்க்கும் வாய்ப்பு அவர்முன் நின்றது. ஹாக்கியில் இந்தியாவின் வெற்றி அவரின்றியும் நிகழும் என எவரும் அறிவர். கிரிக்கெட்டில்தான் வீச்சாளர் தேவைப்பட்டனர். தங்கம் எளிதில் வரும் இடத்தை விட்டு, தேவைப்படும் இடத்தை நாடியவரை நாம் அறிவிலி என்பதா? முடிவின் பயனை மட்டும் கண்டு முடிவைப் பழிப்பது வரலாற்று ஆசிரியர்க்கு அழகன்று. தேர்வுத்தாளைத் திருத்தும்போது விடையை மட்டும் பாராமல் வழிமுறைக்கும் மதிப்பெண் இடுகிறோம் அல்லவா?

மாணவர் நினைவில் கொள்ளத்தக்க மற்றொருவர் நம் நாட்டினர். கோலாலம்பூரில் 1909-ஆம் ஆண்டு பிறந்த லால்சிங், 1932-ஆம் ஆண்டு சூன் மாதம் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இடம் பெற்றார். மலாயாவிலிருந்து சென்ற அவ்விளைஞர் கெண்ட் அணியின் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபிராங்க் ஊலியை ஓட்டத்தில் வீழ்த்தினார். இரண்டாம் ஆட்டத்தில் அமர்சிங்குடன் சேர்ந்து 40 நிமிடங்களில் 74 ஓட்டங்கள் குவித்தார். அவருக்கும் டெஸ்ட் ஒன்றே. 1985-இல் கோலாலம்பூரிலேயே காலமானார். கோபாலனும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.

இங்கிலாந்திலிருந்து திரும்பிய கோபாலன் மனம் ஒடிந்து மூலையில் அமரவில்லை. 1951-52 வரை ஆடினார். சென்னை அணிக்குத் தலைமையும் ஏற்றார். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் இருநூறுக்குச் சற்றே குறைவு. பின்னர் இந்திய அணியின் தேர்வாளருள் ஒருவரானார். வாய்ப்புக் கிடைக்காத வலியை அறிந்தவர் வாய்ப்பு வழங்கும் இடத்தில் அமர்ந்தார்.

அவருடைய இருபத்தைந்து ஆண்டு ஆட்ட வாழ்வைப் போற்றும் வகையில் 1952-53-இல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 'கோபாலன் கோப்பை' தொடங்கப்பெற்றது. இலங்கை 1982-இல் தன் முதல் டெஸ்டை ஆடும் காலம்வரை, அந்நாட்டு வீரர்க்குக் கடல் கடந்து முதல்தர ஆட்டம் ஆடக் கிடைத்த பெருவாய்ப்புகளுள் இது ஒன்று. பரிசுத் தொகை பெறாத ஒருவர் பெயரால் ஒரு நாடே வளர்ந்தது எனில் மிகையன்று. அதற்கு முன்பே சேப்பாக்கம் இலங்கையரை அறியும். 1947-இல் இலங்கைத் தமிழர் மகாதேவ சதாசிவம் அங்குத் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். அந்தச் சதாசிவம் இலங்கைக்கு மட்டுமன்றிப் பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவராக விளங்கினார் என்பதனை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கிய தமிழர் ஒருவர் நம் மண்ணில் ஆடியிருக்கிறார். நம் பாடநூல்களில் அவர் பெயரைக் காணோம்.

இங்கிலாந்தில் வேலி மெல்லச் சரிந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் நாட்டு அணிக்குத் தலைவராகக் கூடாது என்று 1925-இல் ஹாக் பிரபு வெளிப்படையாகவே இறைவனை வேண்டினார். 1952-இல் லென் ஹட்டன் அப்பதவியை ஏற்றார். அவர் முதலில் எதிர்கொண்ட அணி இந்தியா. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கனவான், ஆட்டக்காரர் என்னும் பாகுபாட்டையே நீக்கிவிட்டனர். அனைவரும் அன்றுமுதல் ஆட்டக்காரர்கள். பெயரெழுத்துகளும் ஒரே பக்கம் வந்து சேர்ந்தன. ஹாப்ஸ் அதனைக் கண்டு, மறு ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 2003-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 21-ஆம் நாள் சென்னையில் கோபாலன் காலமானார். அகவை 94. உலகில் அன்று உயிருடன் இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் மூத்தவர் அவரே.